குடை, ஆடு, ஜன்னல், உப்பு, மணி

1

மழைக்குள் மலைச்சரிவால் இறங்கிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் என் றப்பர் சப்பாத்து, தேநீர்க் கோப்பை, எலிகளை மனிதாபிமானத்தோடு நடத்துவது எப்படி என்று மூன்று நாள் படித்து வாங்கிய சான்றிதழ். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அன்றுவரை கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான். அதனால்தான் சுவரில் இருந்து கழற்றிக்கொண்டு வந்தேன்.

மேலே, பின்னால், ஆய்வு நிலையம். கீழே பேர்கன் துறைமுகம். ஒன்பது வருடம் இந்தச் சரிவில் ஏறி இறங்கியிருக்கிறேன். இனி ஏறத் தேவையில்லை. என்னை வேலையால் நிறுத்தும் கூட்டத்தில் எனக்கே கோப்பி ஊற்றித் தந்து, கேக்கும் வெட்டித் தந்தார்கள். நோர்வேயில் கழுத்தை அறுத்தாலும் முதலில் ஒரு துண்டு கேக் தருவார்கள். நானும் சாப்பிட்டேன். நல்ல கேக்.

திருகோணமலையில் என்னைப் பற்றி இரண்டு கதை ஓடுகிறதாம். நான் மூளையை ஆராயும் பெரிய விஞ்ஞானி என்பது ஒன்று. வெள்ளைக்காரி கொடுத்த கடிதங்களைச் சனத்தின் கையில் இருந்து திருப்பிப் பிடுங்க வைத்தவன் என்பது மற்றது. முதலாவது பொய். நான் எலிக்கூடு கழுவினவன். இரண்டாவது உண்மை. அதைத்தான் எழுதப் போகிறேன். என் சொந்த அண்ணனே இதைக் கேட்க மாட்டேன் என்கிறார். நீங்களாவது வாசியுங்கள்.

2

பேராசிரியரின் பெயர் இங்கர். இங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். அது என் வாயில் வராது. முதல் வருடம் முழுக்க அவரை எதுவும் சொல்லி அழைக்காமல், முன்னால் போய் நின்று செருமியே சமாளித்தேன்.

இங்கர் தன் ஆயுளில் பாதியை ஒரே கேள்விக்குக் கொடுத்தவர்: தலையில் அடிபட்ட பிறகு மூளைக்குள் என்ன நடக்கிறது? அதற்கு ஒரு குழாய் வைத்திருந்தார். குழாய்க்குள் ஒரு பாரம். கீழே மயக்க மருந்து கொடுத்த எலி. பாரம் விழும். சில நாள் கழித்து அந்த எலியை ஒரு வட்டத் தொட்டியில் நீந்த விடுவார்கள். கலங்கிய தண்ணீருக்கடியில் ஒரு சிறு மேடை ஒளிந்திருக்கும். அடிபடாத எலி மேடை இருக்கும் இடத்தை ஞாபகம் வைத்து நேரே போய் ஏறும். அடிபட்டது சுற்றிச் சுற்றி நீந்தும். அதை ஒருவர் நேரம் பார்த்து எழுதுவார். பிறகு நான் எலியைத் துடைத்துக் கூட்டில் விடுவேன்.

அடிபட்ட எலிக்கு வலி மருந்து உண்டு. தினமும் நிறை எடுக்க வேண்டும். முகம் சுளித்திருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போட வேண்டும். அது சாப்பிடாவிட்டால் மிருக வைத்தியருக்குத் தொலைபேசி அடிக்க வேண்டும். என் பதின்மூன்றாவது வயதில் அண்ணனோடு கடலுக்குப் போய், வெடி போட்டு மிதந்த மீனைப் பொறுக்கத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தபோது, பக்கத்தில் இரண்டாவது வெடி விழுந்தது. இடது காதால் இரத்தம் வந்தது. அண்ணன் சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்துக் காதுக்குள் அடைத்துவிட்டு, "மீனைப் பொறுக்கடா" என்றார். என் முகச் சுளிப்புக்கு ஒருவரும் புள்ளி போடவில்லை.

அந்தக் காது இன்றுவரை கேட்காது. ஆனால் அதுதான் எனக்கு இந்த நாட்டில் வதிவிட உரிமை வாங்கித் தந்தது. ஷெல் விழுந்து போன காது என்று அகதி விசாரணையில் சொன்னேன். எனக்கு முன்னால் உள்ளே போய் வந்த ஒருவர், "காதைப் பற்றி நல்லாக் கேக்கிறாங்கள், மறக்காமச் சொல்லு" என்று நடைபாதையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவேன்.

ஒருநாள் இங்கர் என் இடப்பக்கம் நின்று மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. காதுக்கு என்ன என்று கேட்டார். அன்று ஏனோ பொய் சொல்லச் சோம்பலாக இருந்தது. வெடிக்கதையைச் சொல்லிவிட்டேன். கையில் இருந்த கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, "உன்னைப் போல எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"கரை முழுக்க," என்றேன்.

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. முப்பது வருடமாக எலியின் தலையில் பாரம் போட்டவருக்கு, தாங்களாகவே தலையைக் கொடுத்த மனிதர்கள் ஒரு கரை முழுக்க இருக்கிறார்கள் என்றால் வராமல் இருக்குமா? "என்னைச் சோதித்துப் பாருங்களேன்," என்றேன். ஊழியர்களைச் சோதிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். ஆனால் மொழிபெயர்ப்பாளனாகக் கூட்டிப்போகச் சட்டத்தில் இடமிருந்தது.

3

எலிக்கு அடிக்க ஒரு அனுமதி போதும். மனிதனிடம் ஐந்து சொல்லை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏற வேண்டும் என்பதை இங்கரோடு திருகோணமலையில் போய் இறங்கிய பிறகுதான் கண்டேன். ஒரு கந்தோரில் மற்றக் கந்தோரின் கடிதம் கேட்டார்கள். மற்றக் கந்தோரில் முதல் கந்தோரின் கடிதம் கேட்டார்கள். இங்கர் ஒவ்வொரு இடத்திலும் நன்றி சொன்னார். நான் எந்தப் பக்கமும் நன்றி சொல்லவில்லை. அந்தக் கதிரைகளில் என் தகப்பன் காலத்தில் இருந்தே ஆட்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

கடைசியில் ஒரு கரைக் கிராமத்தில் மீனவர் சங்கக் கட்டடத்தை வாடகைக்குத் தந்தார்கள். அண்ணனின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். நாங்கள் பிறந்தது நகரத்துப் பக்கம், அன்புவழிபுரத்தில். அண்ணன் கலியாணம் கட்டிக் கடலோரத்துக்குப் போனவர்.

வெடி போடுவது சட்டத்துக்கு விரோதம். ஆகவே யாரும் போட்டதில்லை. "பக்கத்துப் போட்டுக்காரங்கள் போட்டவங்கள், நான் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்று அறுபது வயதுக்காரர் முதல் இருபது வயதுக்காரர் வரை ஒரே மாதிரிச் சொன்னார்கள். அந்தப் பக்கத்துப் படகில் யார்தான் இருந்தார்கள் என்பது கடலுக்குத்தான் தெரியும். இங்கர் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

சோதனை இதுதான். ஐந்து சொற்களை நான் வாசிப்பேன்: குடை, ஆடு, ஜன்னல், உப்பு, மணி. பிறகு வேறு வேலை கொடுப்போம். கட்டை அடுக்குவது, படம் பார்த்துக் கீறுவது. ஒரு தேநீரும் கொடுப்போம். அதன் பிறகு அந்த ஐந்தையும் கேட்போம். மூளை குழம்பியவருக்கு இரண்டோ மூன்றோதான் வரும்.

ஒவ்வொருவருக்கும் முடிவைத் தமிழில் கடிதமாகக் கொடுக்க வேண்டும் என்று இங்கர் விரும்பினார். சனத்திடம் வாங்குவது மட்டும் செய்து எதையும் கொடுக்காமல் போவது அழகில்லையாம். நல்ல மனம். நல்ல மனத்தோடு வந்தவர்களால் அந்தக் கரை பட்டது கொஞ்சமில்லை.

4

இரண்டாம் நாள் கிண்ணியாவில் இருந்து காதர் நானா வந்தார். நாற்பது வருடம் கடலில் கிடந்தவர். கதிரையில் அமர்ந்து, தொப்பியைச் சரிசெய்து, நான் வாயைத் திறக்க முன்பே தொடங்கினார்.

"குடை, ஆடு, ஜன்னல், உப்பு, மணி. சரிதானே தம்பி? தேத்தண்ணி எங்க?"

"நானா, நான் இன்னும் வாசிக்கவே இல்லையே."

"வாசிச்சு மினக்கெடாதீங்க. வெளியில இன்னும் பதினைஞ்சு பேர் நிக்கிறாங்க, அவங்களுக்கும் தெரியும். வெயிலுக்க ஏன் வைச்சிருக்கிறீங்க, எல்லாரையும் ஒண்டாக் கூப்பிட்டுக் கேளுங்களன்."

"என்ன சொல்கிறார்?" என்று இங்கர் கேட்டார்.

"தேநீர் கேட்கிறார்," என்றேன்.

வெளியே போய்ப் பார்த்தேன். உள்ளே இருந்து வருகிறவரை வரிசை சூழ்ந்துகொள்கிறது. "என்ன கேட்டவங்கள்?" வந்தவர் ஒன்றும் விடாமல் சொல்கிறார். முன்னுக்கு நிற்பவர் பின்னுக்கு நிற்பவருக்குச் சொல்கிறார். குழாயடியில் பெண்கள் சொல்கிறார்கள். கட்டை அடுக்குவதைக் கூட மணலில் கீறிக் காட்டிக்கொண்டிருந்தார் ஒருவர்.

இதைக் களவு என்று நினைக்கிறவன் அந்தக் கரையில் வாழாதவன். எத்தனை வருடம் எத்தனை வரிசையில் நின்ற சனம்! பாஸ் எடுக்க, பதிவு செய்ய, சுற்றிவளைப்பில் தலையைக் காட்ட. உள்ளே என்ன கேட்கிறார்கள் என்று வெளியே வருகிறவன் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் சொன்னதற்கு மாறாக நீ சொன்னால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போக மாட்டீர்கள். சொல்லாமல் போகிறவன் மனிதனே இல்லை. கதிரையில் அமர்ந்து ஒருவர் எழுதிக்கொண்டு கேள்வி கேட்டால், அது சோதனை என்றாலும் விசாரணை என்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான். என் காதும் அப்படித்தானே நோர்வேக்கு வந்தது?

அன்றே இங்கரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படித்தவர்கள் ஏமாறுவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு காரணமும் இருந்தது. மறுநாள் அண்ணனின் முறை.

5

அண்ணனின் பெயர் தேவன். அவர் இருந்த படகில் திரியைக் கொளுத்துவது அவர் வேலை. கொளுத்தி, மனதுக்குள் எண்ணி, எறிய வேண்டும். எண்ணிக்கை பிந்தினால் கை போகும். பக்கத்தில் நிற்பவர்களும் போவார்கள். நாங்கள் போவதற்கு ஒரு வருடம் முன்பு ஒருநாள் கொளுத்திவிட்டு, அதைக் கையில் பிடித்தபடியே, இது என்ன என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மற்றொருவன் தட்டிக் கடலில் விழுத்தினான். அன்றோடு முதலாளி அவரைப் படகில் ஏற்றவில்லை.

ஒரு வருடமாக அண்ணன் வீட்டில் இருந்து எல்லாருடனும் கோபித்துக்கொண்டிருந்தார். உப்புப் போத்தல் எங்கே என்று கேட்பார், கையில் இருக்கும். தலையிடி என்று இருட்டறையில் கிடப்பார். வைத்தியரிடம் போகலாம் என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிக்க வருவார்.

"டேய், உன்ர வெள்ளைக்காரி கடிதம் குடுக்கிறாளாமே, தலை சரியெண்டு," என்றார் என்னிடம். "அது ஒண்டை எடுத்துத் தா. முதலாளியின்ர மூஞ்சியில எறிய வேணும்."

"அண்ணை, அது சோதிச்சுப் பாத்துத்தான் குடுப்பாங்கள்."

"சோதிக்கட்டும். என்னைச் சோதிக்காத ஆமிக்காரனே?"

வரிசைக்கதை அண்ணனுக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஆனால் அவருக்கு ஐந்து சொல் தங்கவில்லை. ஆகவே அவர் மனைவி ராணி மச்சாள், விரலுக்கு ஒரு சொல்லாகக் கட்டி, இரண்டு இரவு குசினியில் வைத்துப் பழக்கியிருக்கிறார். பெருவிரல் குடை. சுட்டுவிரல் ஆடு.

சோதனையில் அண்ணன் மேசைக்குக் கீழே விரல்களைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். நான்கு வரை வந்தது. சுண்டுவிரலில் நின்றுவிட்டார். விரலைத் திருகினார். நெற்றி வேர்த்தது. இங்கர் பொறுமையாகக் காத்திருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். சின்ன வயதில் இருந்து அந்த மனிதன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எப்போதும் ஏவினவர்தான்.

நான் தேநீர்க் கரண்டியால் என் கிளாசில் ஒரு தட்டுத் தட்டினேன். சீனி கலக்குவதுபோல.

"மணி," என்றார் அண்ணன்.

கடிதம் வந்தது. ஞாபகசக்தி வழமையான அளவில் உள்ளது என்று எழுதியிருந்தது. அண்ணன் அதை நகரத்துக்குக் கொண்டுபோய் லமினேற் செய்து, முதலாளியின் வீட்டு மேசையில் வைத்தார். வெள்ளைக்காரியின் கையெழுத்தை முதலாளி இரண்டு தரம் தடவிப் பார்த்தாராம். அடுத்த மாதத்தில் இருந்து படகுக்கு வா என்று சொல்லிவிட்டார். அன்று அண்ணன் எனக்கு நண்டு வாங்கித் தந்தார். நானும் நக்கி நக்கிச் சாப்பிட்டேன்.

திரும்பிப் போகிற வழியில், வெடியோடு தொடர்பில்லாதவர்களின் கணக்கும் வேண்டும் என்று, கந்தளாயில் விவசாயிகளை வயல்வரம்பில் தனித்தனியே பிடித்து அதே ஐந்து சொல்லைக் கேட்டோம். அங்கே வரிசை இல்லை. பாவம், பாதிப் பேர் உப்பை மறந்தார்கள்.

6

பேர்கனுக்குத் திரும்பிய பிறகு இங்கர் ஒரு கூட்டத்தில் கோடுகள் போட்டுக் காட்டினார். வெடிக்குப் பக்கத்தில் வாழ்ந்த மீனவர்களின் ஞாபகசக்தி, கந்தளாய் விவசாயிகளுடையதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. அறையில் இருந்த கலாநிதிகள் வாயைப் பிளந்தார்கள். கடல் உணவாக இருக்கலாம் என்றார் ஒருவர். துன்பப்பட்ட சமூகங்களின் தாங்கும் சக்தி என்றார் இன்னொருவர். "தாங்கும் சக்தி" என்பது இங்கே எல்லாருக்கும் பிடித்த சொல். அடுத்தவன் தாங்குகிறான் என்றால் நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை. நான் கதவடியில் நின்று கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் ராணி மச்சாளின் குரல் பதிவு வந்தது.

"தம்பி, உங்கட அண்ணர் நேற்று நுளம்புத்திரி கொளுத்தப் போனவர். நெருப்புக்குச்சியைத் தட்டிப்போட்டு அதையே பாத்துக்கொண்டு நிண்டவர். நான் குசினியில நிண்டனான். விரல் சுட்ட பிறகுதான் கத்தினவர். திங்கட்கிழமை போட்டில போறார் தம்பி. நான்தானே பழக்கினனான்... அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுக்க ஏலாதே?"

அதை மூன்று தரம் கேட்டேன். பிறகு மேலே போய், இங்கரின் அறைக்கு முன்னால் நின்று செருமினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். காதர் நானா, வரிசை, விரல்கள், கரண்டி. முடிந்ததும் இங்கர் கேட்டார்: "எந்த நாளில் இருந்து உனக்குத் தெரியும்?"

"இரண்டாம் நாளில் இருந்து."

அவர் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பயணத்துக்காக அவர் ஆறு வருடம் விண்ணப்பம் எழுதியவர். ஓய்வுக்கு முன்னால் அதுதான் கடைசி வேலை. அன்று பின்னேரமே, எல்லாக் கடிதங்களும் செல்லாது, சோதனை பிழையாக நடந்தது, பிழை எங்களுடையது என்று எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினார். அண்ணனின் முதலாளிக்குத் தனியாக ஒன்று. அதை நான்தான் தமிழில் எழுதினேன்.

திங்கட்கிழமை அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மூதேவி, நீயும் ஒரு தம்பியே? ஊருக்கு முன்னால என்னை விசரனாக்கிப் போட்டாய்."

"அண்ணை, விரல் சுட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கே?"

"என்ன விரல்?"

நான் போனை வலது காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"எந்த விரலடா? நீ கதையை மாத்தாதை. உன்ர காதை வித்து நோர்வே போனனீ. இப்ப என்ர தலையை வித்து என்ன எடுத்தனீ?"

வைத்துவிட்டார். அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. முதலாளி அவரைப் படகில் ஏற்றாமல் கரையில் ஐஸ் உடைக்க விட்டிருப்பதாக மச்சாள் சொன்னார். காலையில் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டே என்னைத் திட்டுகிறாராம். பத்து விரலும் இருக்கிறதா என்று கேட்டேன். "ஓம் தம்பி, அது இருக்கு," என்றார்.

7

எனவேதான் கேக்.

என்னை நிறுத்திய கூட்டம் முடிந்ததும் இங்கர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "நீ இப்போது ஊழியன் இல்லை," என்றார். "இனி உன்னைச் சோதிக்கலாம்." சட்டத்தை மதிக்கிற மனுசி.

அவரிடம் இரண்டாவது சொற்பட்டியல் ஒன்று இருந்தது, பாவிக்காதது. தன் நாக்கால் தமிழை உடைத்து உடைத்து வாசித்தார்: கயிறு, பூனை, கிணறு, மிளகாய், தபால். பிறகு கட்டை அடுக்கினேன். தேநீர் குடித்தேன். எல்லாம் எனக்குத் தெரிந்த வேலைதானே என்று சிரித்தேன். சொற்களைக் கேட்டார்.

"கயிறு," என்றேன். "கிணறு." கொஞ்சம் யோசித்து, "உப்பு," என்றேன்.

அவர் எழுதவில்லை. படிவத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் வைத்தியசாலைக் கிளினிக்கின் பெயரை எழுதித் தந்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினேன். கீழே வந்து பேருந்தில் ஏறும்போது பையில் பார்த்தேன். சப்பாத்து இருந்தது, கோப்பை இருந்தது, சான்றிதழ் இருந்தது. துண்டைக் காணவில்லை. எங்கே விழுந்ததோ.

வீட்டில் மகள் சிந்து இருந்தாள். தமிழ் விளங்கும், பதில் நோர்வேஜிய மொழியில்தான் வரும். அவளுக்கு என் ஊர் ஒரு வெக்கையான விடுமுறை. வேலை தேடித் தரும் நிறுவனம் ஒன்றின் படிவத்தைத் தன் போனில் எனக்காக நிரப்பினாள். பெயர், வயது, வாகன அனுமதி. ஒரு இடத்தில் விரலை நிறுத்தி, அபூர்வமாகத் தமிழில் கேட்டாள்.

"பப்பா, தலையில அடி பட்டதா எண்டு கேக்குது."

"மற்ற ஆக்கள் என்ன போடுறவை?"

"இல்லை எண்டுதான்."

"அப்ப அதைப் போடு."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போட்டாள். வரிசையில் ஒருநாளும் நிற்காத பிள்ளை. யாரும் பழக்காமலே செய்தாள்.

அன்றிரவே அவர்களின் பதில் வந்தது. மறுநாள் காலை ஆறு மணி பேருந்தில், ஒரு தீவில் இருக்கும் சால்மன் தொழிற்சாலைக்குப் போனேன். மீன்கள் தண்ணீரோடு ஒரு குழாயால் வருகின்றன. குழாயின் முடிவில் ஒரு மெஷின் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு அடி அடிக்கிறது. சில மீன்கள் திரும்பிக்கொண்டு வந்து அடிக்குத் தப்பிவிடும். அவற்றுக்காகக் கையில் ஒரு மரக்கட்டையோடு ஒருவன் நிற்க வேண்டும். கண்ணுக்குச் சற்று மேலே, ஒரே அடி. பிறகு கண் அசைகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். அதற்கும் ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள், மத்தியானத்துக்குள் முடிந்தது. என் இரண்டாவது சான்றிதழையும் தந்து, கட்டையைக் கையில் கொடுத்து, மெஷின் என் இடது காதுப் பக்கம் வரும்படி நிற்கச் சொன்னார்கள்.